கட்டுச்சோறு எத்தனை மணி நேரத்துக்கு?

‘கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு?’ என்று ஒரு சொலவடை உண்டு. அடுத்தவர் கட்டிக் கொடுத்ததை நம்பி எத்தனை நாள் ஓட்ட முடியும் என்பது அதன் பொருள். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு வேன் ஏறுகிறவர்கள் இதே கேள்வியை நேர்ப்பொருளிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. கட்டிக்கொண்டு போகும் சோறு எத்தனை மணி நேரம் தாங்கும்? முறுக்கு எத்தனை நாள் தாங்கும்? வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் எது பிழைக்கும், எது வீணாகும்?

செங்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரண்டரை ஏக்கர் கிணற்றுப் பாசனத்தில் மல்லாட்டை போடும் குடும்பம் ஒன்று, போன மே மாதம் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடியது. நிலக்கடலையைத்தான் அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். மார்கழியில் விதைத்தது, சித்திரை பிறப்பதற்குள் வீடு வந்து சேர்ந்தது. மகசூல் கைக்கு வந்தால் பெங்களூரு தாண்டி மைசூரு சாலையில் இருக்கும் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். வாக்கை இனியும் தள்ளிப்போட முடியாது.

மொத்தம் 11 பேர். தாத்தா, ஆயா, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்த மகள், நான்கு பிள்ளைகள். மூத்தவளுக்கு 14 வயது, கடைக்குட்டிக்கு 3. தாத்தாவுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை, காலை மாலை மாத்திரை. செங்கத்திலிருந்து சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை, மத்தூர் வழியாகக் கிருஷ்ணகிரி. அங்கிருந்து சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி. அப்புறம் பெங்களூரு ஊருக்குள் நுழையாமல் நைஸ் ரோடு பிடித்து மைசூரு சாலை. ஏறத்தாழ 200 கிலோமீட்டர். விடியற்காலம் 4 மணிக்குக் கிளம்பினால் நடுவில் நின்று நின்று போக 10 மணி ஆகும்.

வேன் வாடகையும் நுழைவுச் சீட்டும் சேர்ந்தே கையிருப்பில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. பூங்காவுக்குள் வெளிச் சாப்பாட்டை விட மாட்டார்கள் என்பதால் மதியச் சாப்பாட்டை உள்ளேதான் வாங்க வேண்டும். மீதி மூன்று வேளையையும் நெடுஞ்சாலை ஓட்டலில் முடித்தால், அடுத்த பட்டத்து விதைக்கு எடுத்து வைத்த பணத்தில் கை வைக்க வேண்டியிருக்கும். ஆகவே சோறும் பலகாரமும் வீட்டிலிருந்தே போக வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எதைக் கட்டுவது என்பதில்தான் இழுபறி.

ஆயாவின் பட்டியல் நீளமானது. எலுமிச்சை சாதம், தயிர் சாதம், இட்லி, தேங்காய்ச் சட்னி, வேகவைத்த மல்லாட்டை, அதிரசம். பிள்ளைகளின் பட்டியல் குட்டையானது. சிப்ஸ் பாக்கெட், மசாலாக் கடலை பாக்கெட், கூல்டிரிங்ஸ். பெரிய மருமகள் இரண்டையும் கேட்டுக்கொண்டாள். அவள் மகளிர் குழுவில் இருக்கிறாள். மதிப்புக்கூட்டல் பயிற்சிக்கு இரண்டு முறை போய்வந்தவள்.

“அத்தை, மல்லாட்டையப் புடுங்கி வந்து எதுக்குக் களத்துல காய வெக்கிறோம்?” என்று கேட்டாள்.

“இது ஒரு கேள்வியாம்மா? ஈரத்தோட மூட்ட கட்டுனா பூசணம் பூத்துடும்.”

“சோத்து மூட்டையும் அதே கணக்குதான் அத்தை. எதுல தண்ணி அதிகமோ அது மொதல்ல கெட்டுப்போகும். மொதல்ல கெடறத மொதல்ல தின்னுடணும். கடைசில திங்கறது காய்ஞ்சதா இருக்கணும்.”

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப தேங்காச் சட்னி வேணாங்கற” என்றாள். அன்றைக்குப் பாதிப் பட்டியல் அங்கேயே தீர்ந்துபோனது.

மூன்று மூட்டை

கிளம்பும் நேரம், நிற்கும் இடம், பூங்காவுக்குள் நுழையும் நேரம், வெளியே வரும் நேரம். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிவிட்டுத்தான் பெரிய மருமகள் பாத்திரத்தைத் தேடினாள். மூட்டை மூன்றாகப் பிரிந்தது.

முதல் மூட்டை காலை 7 மணிக்கு, சூளகிரி பக்கம் புளியமர நிழலில் பிரிக்க வேண்டியது. இட்லிதான், ஆனால் சட்னி கிடையாது. மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் குழைத்து இட்லியின் இரண்டு பக்கமும் தடவியது. தேங்காய்ச் சட்னியில் தண்ணீர், புரதம், கொழுப்பு மூன்றும் சேர்ந்திருப்பதால் கோடையில் சில மணி நேரத்தில் நுரைத்துப் புளித்துவிடும். பொடியில் தண்ணீரே இல்லை.

இரண்டாவது மூட்டை பூங்கா வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததும், உள்ளே போவதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது. புளியோதரை. புளிப்பு கிருமிகளின் வளர்ச்சியை மட்டுப்படுத்தும். புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் பிரிந்து வரும்வரை சுண்ட வைத்தால் அதில் தண்ணீரும் குறைந்துவிடும். அதனால் அதை இரண்டு நாள் முன்னாலேயே செய்து வைக்கலாம், அன்றைக்குச் சோறு மட்டும் வடித்துக் கிளறினால் போதும். ஆனாலும் சோறு சோறுதான். அரிசியில் இயல்பாகவே ஒட்டியிருக்கும் ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் மூடிக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. எனவே வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, விசிறியால் ஆற்றி, சூடு முழுக்கத் தணிந்த பிறகே கிளறித் தூக்கில் அடைத்தார்கள். அதிகாலை இரண்டரைக்கு வடித்தது காலை பத்தேகாலுக்குத் தீர்ந்துவிட வேண்டும், மிஞ்சினால் சாயங்காலத்துக்கு வைக்கக் கூடாது என்பது பேச்சு.

மூன்றாவது மூட்டைதான் முக்கியமானது. பூங்காவுக்குள் இருக்கும் ஏழு மணி நேரமும் அது வண்டிக்குள் கிடக்கும். வெளியே 35 டிகிரி வெயில் என்றால், கண்ணாடி ஏற்றி மூடி நிறுத்திய வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் 50 டிகிரி தாண்டிவிடும். அந்தச் சூட்டில் சோறும் தயிரும் நறுக்கிய பழமும் தாங்காது. முறுக்கு, வறுத்த மல்லாட்டை, மல்லாட்டை உருண்டை, பொட்டுக்கடலை கலந்த காரப்பொரி ஆகிய நான்குதான் அந்த மூட்டைக்குத் தேர்வாயின. தயிர் சாதமும் அதிரசமும் வீட்டிலேயே நின்றுவிட்டன. வேகவைத்த மல்லாட்டையைக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலமே எல்லோரும் உட்கார்ந்து தின்று முடித்தார்கள். வெந்த கடலை மறுநாள் காலைக்குள் பிசுபிசுத்துவிடும் என்பது ஆயாவுக்கே தெரியும்.

மல்லாட்டையைப் பொறுக்கிய விதம்

பயணத்துக்கு நான்கு நாள் முன்னால் பெரிய மகன் மூன்று கிலோ அளவுக்குக் காயை உடைத்துப் பருப்பைக் கொண்டுவந்து வைத்தான். அது வீட்டுச் செலவுக்கு ஒதுக்கிய மூட்டை. களத்தில் காயும்போது ஒரு சாயங்காலம் திடீர்க் கோடை மழையில் நனைந்து, மறுபடி காய்ந்தது. விற்பனைக்குப் போன மூட்டைகள் நன்றாகக் காய்ந்தவை. மழையில் மாட்டியது வீட்டுக்கு என்பது எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான்.

பருப்பைப் பார்த்ததும் பெரிய மருமகள் முறத்தில் கொட்டிப் பொறுக்க ஆரம்பித்தாள். சுருங்கியது, நிறம் மாறியது, முளைப்பக்கம் கறுத்தது, பச்சையாகவோ மஞ்சளாகவோ பூசணம் தெரிந்தது எல்லாம் தனியாகப் போயின. ஆயாவுக்கு மனசு கேட்கவில்லை.

“இம்மாத்தத் தள்ளுறியே. வறுத்தா பூசணம் செத்துப்போவாதா?”

“பூசணம் செத்துடும் அத்தை. அது உட்ட வெஷம் சாவாது.”

அவள் சொன்னது சரி. நிலக்கடலையில் வளரும் ஒரு வகைப் பூஞ்சாணம் அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்குகிறது. வறுத்தாலும் பொரித்தாலும் அது முழுதாக அழிவதில்லை. நாள்பட உடம்பில் சேர்ந்தால் கல்லீரலைப் பாதிக்கும், புற்றுநோய் வரை கொண்டுபோகும். காயின் ஈரப்பதம் 8 முதல் 9 சதவீதத்துக்குள் வரும்வரை காயவைத்து மூட்டை கட்டினால் இந்தப் பூஞ்சாணம் தலை தூக்குவதில்லை. காதருகே ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். நனைந்து காய்ந்த காயில் இந்தச் சத்தத்தை மட்டும் நம்ப முடியாது. நனைந்திருந்த நேரத்திலேயே பூஞ்சாணம் தன் வேலையை முடித்திருக்கலாம். கண்ணால் பார்த்துப் பொறுக்கினால் நச்சு அதிகமுள்ள பருப்பில் பெரும்பகுதி போய்விடும், ஆனால் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பொறுக்கித் தள்ளியதில் மாட்டுக்கும் கோழிக்கும் பங்கு இல்லை. மாடு தின்றால் அந்த நச்சின் மாற்று வடிவம் பாலில் வந்துவிடும். குழி தோண்டிப் புதைத்தார்கள்.

பொறுக்கி முடித்த பிறகும் அவளுக்குத் திருப்தி இல்லை. பிள்ளைகள் தின்னப்போவது. விதைக்கு எடுத்து வைத்திருந்த நல்ல காயிலிருந்து இரண்டு கிலோ கேட்டாள். விதைக்காயில் கை வைப்பது அந்த வீட்டில் வழக்கம் இல்லை. தாத்தாதான் எழுந்து போய் அளந்து கொடுத்தார். “அடுத்த பட்டத்துக்கு ரெண்டு கிலோ வெளிய வாங்கிக்கலாம். நல்லதா வித்துட்டு நனைஞ்சதப் பேரப்புள்ளைக்குக் குடுக்கறதா?” என்றார். ஏற்கெனவே உடைத்ததில் தேறியது ஒதுங்கி நின்றது. பயணத்துக்கு விதைக்காயே போனது. அடுத்த அறுவடையில் வீட்டுச் செலவுக்கான மூட்டையையும் விற்பனை மூட்டையோடு சேர்த்தே தார்ப்பாய் போட்டு மூடிக் காயவைப்பது என்று அன்றைக்கே முடிவானது.

எண்ணெய் சொல்லும் பதம்

முறுக்கு சாமை மாவில் சுட்டது. ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது, சந்தைக்கு இறங்கி வருகிறது. நாலு பங்கு சாமை மாவுக்கு ஒரு பங்கு பொட்டுக்கடலை மாவு, எள், உப்பு, கொஞ்சம் காய்ச்சிய எண்ணெய். முறுக்கை எப்போது எடுப்பது என்று சின்ன மருமகள் கேட்டதற்கு ஆயா ஒரே வரியில் சொன்னாள்: “சலசலப்பு அடங்கட்டும்.”

அந்தச் சலசலப்பு மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறும் சத்தம். அது அடங்கினால் தண்ணீர் போய்விட்டது என்று பொருள். நிறத்தை மட்டும் பார்த்து முன்னாலேயே எடுத்தால் உள்ளே ஈரம் தங்கும், இரண்டாம் நாள் முறுக்கு நமத்துப்போகும். தண்ணீரை அளக்கக் கருவி இல்லாத காலத்திலேயே காதால் அளந்திருக்கிறார்கள்.

சுட்ட முறுக்கைச் சூட்டோடு சம்படத்தில் போட்டு மூடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தப்பு. ஆவி மூடியில் வேர்த்து, சொட்டி, மேலடுக்கை நனைக்கும். களத்தில் வெயில் சூட்டோடு காயை அள்ளி மூட்டை கட்டினால் உள்ளே வேர்ப்பது போலத்தான். இந்த வீட்டில் முறுக்கு துணியின் மேல் இரண்டு மணி நேரம் ஆறியது. செய்தித்தாளில் பரப்பவில்லை. அச்சு மை எண்ணெயில் கரைந்து பலகாரத்தில் ஏறும்.

மல்லாட்டை உருண்டைக்கு வெல்லப்பாகு. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டி, தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். அந்தப் பதத்துக்கு முன்னால் இறக்கினால் பாகில் தண்ணீர் தங்கி, வண்டிச் சூட்டில் உருண்டை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெல்லம் காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுக்கும். ஆகவே உருண்டைக்குத் தனி டப்பா, இறுக்கமான மூடி. முறுக்கோடு சேர்த்து வைத்தால் இரண்டும் கெடும். கட்டுச்சோற்றில் எலியை வைத்துக் கட்டுவது என்பார்களே, அந்த வேலை அது.

கடைக்குட்டிக்கு முழுக் கடலை கொடுப்பதில்லை என்று சின்ன மருமகள் முன்னாலேயே சொல்லிவிட்டாள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் முழுப் பருப்பைச் சரியாக மென்று விழுங்க மாட்டார்கள். வண்டி குலுங்கும்போது அது மூச்சுக்குழாயில் போனால் ஆபத்து. அவனுக்கென்று மல்லாட்டையை நைசாகப் பொடித்து வெல்லத்தோடு பிடித்த சின்ன உருண்டைகள், ஏலக்கி வாழைப்பழம் ஒரு சீப்பு. பழத்தை நசுங்காமல் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்கள். வெள்ளரிக்காயையும் கொய்யாவையும் வீட்டிலேயே கழுவி, ஈரம் போகத் துடைத்து, நறுக்காமல் முழுசாக எடுத்துக்கொண்டார்கள்.

பாக்கெட்டின் கணக்கு

பன்னிரண்டு வயதுப் பேரனுக்குப் பாக்கெட் ஆசை விடவில்லை. கடையில் ஒரு மசாலாக் கடலை பாக்கெட் வாங்கிவந்தான். அப்பா திட்டவில்லை. “பின்னாடி எடை போட்டிருக்கும், படி” என்றார். 10 ரூபாய்க்கு 25 கிராம். “அப்ப கிலோ எவ்வளவு?” பையன் விரல் விட்டு எண்ணி 400 ரூபாய் என்றான்.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த நிலக்கடலைக்கான குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். தோலோடு கிலோ 73 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. நூறு கிலோ காயை உடைத்தால் சுமார் 70 கிலோ பருப்பு தேறும். அந்தக் கணக்கில் பருப்பு கிலோ 104 ரூபாய். நடுவில் இருப்பது முழுவதும் யாரோ அடித்த கொள்ளை என்று சொல்ல முடியாது. கடலை மாவு, எண்ணெய், ஆள் கூலி, உறை, வண்டி வாடகை, கடைக்காரர் கமிஷன் எல்லாம் அதில் உண்டு. ஆனால் விதைத்து, களை எடுத்து, பிடுங்கி, காயவைத்தவர் கைக்கு வருவது நாலில் ஒரு பங்கு. பையன் அந்தக் கணக்கை நோட்டில் எழுதி அக்காவிடம் காட்டினான். பாக்கெட் ஆசை போய்விட்டது என்று சொல்ல முடியாது. பயணத்துக்கு அவன் இரண்டு பாக்கெட் எடுத்துத்தான் வந்தான். ஆனால் வீட்டு வறுகடலையில் மிளகாய்த் தூள், பெருங்காயம், கறிவேப்பிலை போட்டுப் பிரட்டும் வேலையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

வேலையைப் பிரித்ததில்தான் இந்தப் பயணம் வழக்கத்துக்கு மாறானது. பயணம் என்றால் வீட்டில் எல்லோருக்கும் கொண்டாட்டம், அடுப்படியில் நிற்பவருக்கு மட்டும் விடிய விடிய வேலை. வண்டியில் ஏறியதும் அவர் தூங்கிவிழுவார், வேடிக்கை பார்ப்பது மற்றவர்கள். பெரிய மருமகள் இதைப் பேசித் தீர்க்கவில்லை, நாலு நாளாகப் பிரித்துத் தீர்த்தாள். முதல் நாள் உடைப்பதும் பொறுக்குவதும்: மகன்கள். இரண்டாம் நாள் முறுக்கு: ஆயாவும் சின்ன மருமகளும். மூன்றாம் நாள் உருண்டையும் புளிக்காய்ச்சலும்: அவளும் நாத்தனாரும். நாலாம் நாள் பொரி கலப்பது, தண்ணீர் கேன் கழுவி நிரப்புவது, டப்பாக்களில் ‘காலை’, ‘வாசல்’, ‘திரும்பும்போது’ என்று எழுதி ஒட்டுவது: பிள்ளைகள். கிளம்பும் நாள் இட்லியும் சோறும் மட்டும் மிச்சம். அவள் அன்றைக்கு இரவு 9 மணிக்குப் படுத்து 2 மணிக்கு எழுந்தாள். ஐந்து மணி நேரம். முன்பு திருப்பதி போனபோது அவள் கண்ணே மூடவில்லை என்று நாத்தனார் நினைவுபடுத்தினாள்.

தாத்தாவுக்கு என்ன?

பூங்காவுக்குச் சின்ன மகன் முதல் நாளே போன் போட்டுக் கேட்டிருந்தான். கைக்குழந்தை உணவும், மருத்துவர் சீட்டு இருந்தால் நோயாளிக்கான உணவும் கொண்டுபோகலாம் என்றார்கள். இந்த விதி இடத்துக்கு இடம் மாறும், கேட்டுவிட்டுப் போவதுதான் வழி. தாத்தாவின் மருந்துச் சீட்டு, ஒரு சின்ன டப்பாவில் இரண்டு இட்லியும் நாலு உருண்டையும், சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம். வாசலில் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

காலை இட்லியைத் தாத்தா ஒழுங்காகச் சாப்பிட்டார், மாத்திரையும் போட்டுக்கொண்டார். பத்தேகாலுக்குப் புளியோதரையை இரண்டு கவளத்தோடு நிறுத்திவிட்டார், புளிப்பு ஒத்துக்கொள்ளாது என்று. உள்ளே ராட்டினம் ராட்டினமாகப் பிள்ளைகளோடு நடந்தார். பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது கை நடுங்கியது, சட்டை வேர்வையில் நனைந்தது, கேட்டதற்கு மாற்றிப் பதில் சொன்னார்.

ஆயா பதறிப்போய் மல்லாட்டை உருண்டையை எடுத்து வாயில் வைக்கப் போனாள். பெரிய மருமகள் கையைப் பிடித்தாள். “உருண்டை அப்பறம் அத்தை. மொதல்ல சக்கரை.” மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, நிழலில் உட்கார வைத்து, மெல்லக் குடிக்கக் கொடுத்தாள்.

அவள் செய்ததற்குக் காரணம் இருக்கிறது. சில வகைச் சர்க்கரை மாத்திரைகளையும் இன்சுலினையும் போட்டுக்கொண்டு, சாப்பாட்டைக் குறைத்து, நடையைக் கூட்டினால் ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடும். அப்போது தேவை சட்டென்று ரத்தத்தில் சேரும் இனிப்பு: 15 கிராம் சர்க்கரை அல்லது குளுக்கோஸ். நிலக்கடலையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். கொழுப்பு இருந்தால் இனிப்பு வயிற்றை விட்டு இறங்கவே நேரமாகும். வெல்லம் உள்ளே இருந்தும் உருண்டையால் அந்த நேரத்தில் உதவ முடியாது. சர்க்கரை கொடுத்து 15 நிமிடம் பார்க்க வேண்டும். தெளியாவிட்டால் மறுபடி அதே அளவு. தெளிந்த பிறகு இட்லியோ உருண்டையோ கொடுத்தால் அது மறுபடி இறங்காமல் தாங்கும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, உடனே மருத்துவ உதவிதான்.

கால் மணி நேரத்தில் தாத்தாவுக்கு வேர்வை அடங்கியது. இட்லி சாப்பிட்டார். பூங்காவின் முதலுதவி அறைக்குக் கூட்டிப்போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டார்கள். “வரிசை எங்க போச்சு? எடத்த உட்டுட்டீங்களா?” என்று அவர் கேட்டபோதுதான் ஆயா அழுதாள்.

பல வீடுகளில் தாத்தாவுக்குச் சர்க்கரை என்றால் பலகாரமே கூடாது என்று வெறும் கையோடு கூட்டிப்போவார்கள். இல்லையென்றால் வெல்லம் நல்லதுதானே என்று உருண்டையை அள்ளிக் கொடுப்பார்கள். இரண்டும் தப்பு. வெல்லமும் சர்க்கரையைப் போலவே ரத்தச் சர்க்கரையை ஏற்றும். சாமை முறுக்கும் மாவுச்சத்துதான், அளவு வேண்டும். அவருக்கு வழியில் கொறிக்க ஏற்றது இனிப்புப் போடாத வறுகடலை ஒரு கைப்பிடி, ஒரு வெள்ளரிக்காய், நேரம் தவறாத சாப்பாடு. சட்டைப் பையில் இருக்கும் சர்க்கரை கொறிப்பதற்கல்ல. தேவைப்படாமல் அப்படியே வீடு திரும்பினால் சந்தோஷம்.

சாயங்காலம் 6 மணிக்கு வெளியே வந்தார்கள். வண்டிக் கதவைத் திறந்ததும் அனல் அடித்தது. கேன் தண்ணீர் வெந்நீராகியிருந்தது. வாழைப்பழத்தில் மீந்த மூன்று கறுத்துக் குழைந்திருந்தன. காலையில் மிஞ்சிய ஒரு பிடி புளியோதரையை யாரும் தொடவில்லை. ‘திரும்பும்போது’ என்று எழுதிய சம்படத்தை ஓசூர் தாண்டித் திறந்தார்கள். முறுக்கு உடையும் சத்தம் முன்சீட்டு வரை கேட்டது, ஓட்டுநருக்கும் ஒரு பங்கு போனது. உருண்டைகள் ஒட்டாமல் தனித்தனியாக இருந்தன. பையனின் இரண்டு பாக்கெட்டும் காலையிலேயே தீர்ந்துவிட்டதால் அவனும் சம்படத்தில்தான் கை விட்டான். கிருஷ்ணகிரியில் மாம்பழம் வாங்கினார்கள். போகும்போது வாங்கியிருந்தால் வண்டிக்குள்ளேயே வெந்திருக்கும்.

வீடு வந்து சேர்ந்த மறுநாள் பெரிய மருமகள் குழுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அடுத்த பயணத்துக்கென்று எழுதி வைத்தாள். தண்ணீர்க் கேனை ஈரச் சாக்கில் சுற்ற வேண்டும். வாழைப்பழம் அரைச் சீப்பு போதும். உருண்டை குறைத்து வறுகடலை கூட்டலாம். தாத்தாவுக்குப் புளியோதரைக்குப் பதில் இரண்டு சப்பாத்தி. நடக்கத் தொடங்கும் முன் அவர் என்ன சாப்பிட்டார் என்று ஒருவர் பார்க்க வேண்டும். குப்பைக்கு ஒரு தனிப் பை. சர்க்கரைப் பொட்டலம் இரண்டு: ஒன்று அவர் பையில், ஒன்று பெரியவள் பையில்.

அதற்குக் கீழே ஆயா சொல்லச் சொல்லப் பேத்தி ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: வீட்டுச் செலவு மூட்டைக்கும் தார்ப்பாய்.